மண்ணை மீட்டுக் கொடுத்த மந்திரி

கடனுக்கு ஈடாகப் போன நிலத்தை உழவனுக்கே திருப்பிக் கொடுக்கச் சட்டம் கொண்டு வந்த மந்திரி ஒருவர் இருந்தார். அவர்தான் பஞ்சாப் மாகாணத்தின் சர் சோட்டு ராம்.

இன்றைய ஹரியானாவில், ரோத்தக் ஜில்லா கடி சாம்ப்லா கிராமத்தில், 1881-ம் ஆண்டு அவர் பிறந்தார். வீட்டுக்குக் கடைக்குட்டி. சோட்டு என்றால் சின்னவன் என்று பொருள்.

பங்கா கயிறு

மகனின் படிப்புச் செலவுக்காகத் தகப்பனார் லேவாதேவிக்காரரிடம் கடன் கேட்கப் போனார். சிறுவனும் கூடப் போனான். கடன் கேட்க வந்த பெரியவரிடம் பங்கா கயிற்றைக் கொடுத்து, இழுக்கும்படி சொன்னாராம் அந்தப் பணக்காரர். அந்த அவமானம் பையன் மனத்தில் தைத்தது என்பார்கள்.

சோட்டு ராம் விடாமல் படித்தார். 1905-ல் டில்லியில் பி.ஏ. தேறினார். பிறகு வக்கீல் ஆனார்.

சட்டத்தில் ஓட்டை

விவசாயிகளின் நிலம் மற்றவர் கைக்குப் போகாமல் தடுக்க, 1900-ம் ஆண்டிலேயே பஞ்சாபில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஆனால் பழைய ஒற்றிகளை அது தொடவில்லை. பினாமி பெயரில் நிலம் வாங்குவதும் நிற்கவில்லை.

1937-ல் சோட்டு ராம் மந்திரியானார். மறு ஆண்டே, 1938-ல், புதுச் சட்டங்கள் வந்தன. பினாமி கிரயம் செல்லாது என்றாயிற்று. வட்டித் தொழில் செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று.

எல்லாவற்றிலும் பெரியது, ஒற்றி நில மீட்புச் சட்டம். 1901 ஜூன் 8-ந் தேதிக்கு முன் ஒற்றி வைத்து, இன்னும் மீளாத நிலத்துக்கு அது வழி செய்தது. கடன் கொடுத்தவர் அசலைப் போல் இரு மடங்கு பலனை அனுபவித்திருந்தால், காசு கொடுக்காமலே நிலம் திரும்பும். தாத்தா இழந்த வயலில் பேரன் ஏர் பூட்டினான்!

வியாபாரிகள் இவற்றைக் கறுப்புச் சட்டங்கள் என்று தூற்றினார்கள். விவசாயிகளோ தங்கச் சட்டங்கள் என்று போற்றினார்கள்.

ஒரு குறை

1900-ம் ஆண்டுச் சட்டம் சாதியைப் பார்த்தே யார் விவசாயி என்று தீர்மானித்தது. பட்டியலில் இல்லாத ஏழைக் கூலிகள், வயலில் பாடுபட்டும் விவசாயிகளிடம் நிலம் வாங்க முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பின், 1951-ல், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

சோட்டு ராம் 1945 ஜனவரி 9-ந் தேதி லாகூரில் காலமானார். அவரைத் தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினர், என்று ஹரியானா மக்கள் இன்றும் அழைக்கிறார்கள்.