ஜான் வெஸ்லியாரின் உடலோம்பல்

சமயத் தொண்டு பூண்டோர் உடம்பை இழிவெனக் கருதிப் பேணாது விடுதலும், அதன் சுவைக்கு அடிமையாதலும் ஆகிய இரண்டும் தொண்டிற்கு இடையூறேயாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியை வாழ்நாள் முழுதும் பயின்றவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுக் கிறித்துவ குருவாகிய ஜான் வெஸ்லியார். அவர் வரலாற்றில் இப்பகுதியை மட்டும் ஈண்டு எடுத்துரைப்போம்.

அவர் 1703-ஆம் ஆண்டு எப்வொர்த் என்னும் ஊரில் ஒரு குருவின் மைந்தராய்ப் பிறந்தார். இலண்டனில் சார்ட்டர்ஹவுசுப் பள்ளியிற் பயின்ற காலத்து, தந்தையார் இட்ட கட்டளைப்படி நாள்தோறும் காலையில் ஆங்குள்ள தோட்டத்தை மும்முறை சுற்றி ஓடிவந்தார். பின் ஆக்ஸ்போர்டிற் கற்கையில், 1724-இல் செய்னி என்னும் மருத்துவர் உடல்நலமும் நீண்ட வாழ்நாளும் பற்றி எழுதிய நூல் அவர் கைக்கு எட்டியது. அளவான உணவும் இடையறாத உழைப்புமே மருந்தென்னும் அந்நூற் கருத்து அவர் உள்ளத்திற் பதிந்தது.

1728-இல் குருப்பட்டம் பெற்ற அவர், ஆக்ஸ்போர்டில் ஒரு சிறு கூட்டத்தார்க்குத் தலைவராயினார். அன்னோர் புதனும் வெள்ளியும் பிற்பகல் 3 மணி வரை உண்ணாதிருந்தனர். அவருள் வில்லியம் மார்கன் என்னும் இளைஞர் 1732-இல் இறந்தபோது, வெஸ்லியார் விதித்த நோன்பே அவரை மாய்த்ததென்று பழி எழுந்தது. மார்கன் அந்நோன்பை விட்டு ஒன்றரை ஆண்டாயிற்றென்று வெஸ்லியார் இறந்தார் தந்தைக்கு விரிவாக எழுதினார். அத்தந்தையும் தெளிந்து, தம் இளைய மகனை அவரிடமே கற்க விடுத்தார். எனினும், தொண்டர் உண்பதும் உண்ணாமையும் பிறர் உயிரையும் தொடும் பொருளென்பது இந்நிகழ்ச்சியாற் புலனாகும்.

1735-இல் அமெரிக்க நாட்டு ஜார்ஜியாவுக்குக் கப்பலேறியபோது, அவரும் தோழரும் ஊனையும் மதுவையும் நீக்கி, அரிசியும் பிஸ்கோத்துமே பெரும்பாலும் உண்டனர். இந்நெறியை அவர் இடைவிடாது கொண்டாரல்லர். ஆயினும், குறைத்துண்டலைக் கைவிட்டிலர்.

1747-இல் அவர் எளிய மருத்துவ நூலொன்றை ஏழைகட்கென வெளியிட்டார். அதிற் கூறிய மருந்துகள் பல இக்காலத்தார் ஏற்காதன. முகவுரையிற் காணும் ஒழுக்க விதிகளோ இன்றும் சிந்திக்கத்தக்கன. நூலாராய்வோர்க்கு ஒருநாளில் ஊனுணவு 8 அவுன்சும் மரக்கறியுணவு 12 அவுன்சும் போதும். பருகுவனவற்றுள் தண்ணீரே சிறந்தது. இரவுணவு இலேசாதல் வேண்டும். ஒன்பது மணிக்குத் துயின்று நான்கு அல்லது ஐந்து மணிக்கு எழுதல் நன்று. நாளும் இரண்டு மூன்று மணி நேரம் வெறுவயிற்றில் உடலுழைப்பு வேண்டும். இயன்றவர்க்கு நடையே தலையாயது. மிகுதியாகப் படிப்போரும் எழுதுவோரும் நின்றுகொண்டு செய்யப் பழகல் வேண்டும் என்பன அவற்றுட் சில. தம் கீழ்ப் பணிபுரிந்த பிரசங்கியாரையும் மாலைப் பிரசங்கத்தின் பின் நேரங்கழித்து உண்ணலாகாதென்று தடுத்தார்.

இத்துணை விதி வகுத்தவரும் ஒருகால் வழுவினார். 1753-இல் நோய் முற்றும் நீங்குமுன் பயணத்தையும் பிரசங்கத்தையும் மேற்கொண்டமையால், இருமலும் காய்ச்சலும் மிக்கு உயிர்க்கே ஊறு நேர்ந்தது. இறப்பு அணித்தென எண்ணித் தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதி வைத்தார். போதர்கில் என்னும் மருத்துவர் நகரைவிட்டு நீங்கி, நாட்டுப்புறக் காற்றும் ஓய்வும் கழுதைப் பாலும் நாளும் குதிரையேற்றமும் கொள்ளுமாறு பணித்தார். வெஸ்லியார் அப்பணிப்பை ஏற்றார். 1754-இல் அவ்வோய்வினூடேயே புதிய ஏற்பாட்டிற்கு உரைக்குறிப்பெழுதத் தொடங்கினார். ஓய்வும் தொண்டிற்கே பயன்பட்டவாறு காண்க.

அதன்பின் 37 ஆண்டு வாழ்ந்தார். கடிவாளத்தைத் தளரவிட்டுக் குதிரை மேலிருந்தே நூல் படித்து ஊரூராகச் சென்றார். 1769-இல் 122 இராத்தலாயிருந்த அவருடல் நிறை 1783-இலும் ஏறாது குறையாது அவ்வளவே நின்றது. முதுமையில் வண்டியிற் செல்லத் தொடங்கினாலும், நான்கு மணிக்கு எழுதலை விட்டிலர். மழைநாளில் வீட்டகத்தே இருந்து குதிரையேற்றம் போல் உடலை அசைத்தற்குரிய நாற்காலியொன்று இலண்டனில் அவர் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் காட்டப்பெறுகின்றது. 1791-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ஆம் நாள், 87-ஆம் அகவையில் உயிர் நீத்தார்.

நோன்பும் பயிற்சியும் ஓய்வும் அவர்க்குத் தம்மளவில் நோக்கமாக நின்றிலர். தொண்டு நெடிது நடத்தற்குரிய கருவிகளாகவே நின்றன. கருவி பழுதுபடின் பணி தடைப்படும். இதனை உளங்கொண்டு, ஏட்டோடும் இருக்கையோடும் நாள் கழிக்கும் தொண்டர் காலைநடையையும் அளவுணவையும் தம் கடமைகளுள் வைத்தெண்ணுதல் தகும் என்பது எம் துணிபு.