கறுப்புத் திரையில் தமிழ் ஏன் வரவில்லை? யார் இந்த நா.கோவிந்தசாமி?

இப்போ போனில் தமிழில் டைப் செய்து அனுப்புவது சாதாரண விஷயம். ஆனால் 1995-ல் இணையத்தில் தமிழ் எழுத்தைக் காட்டுவதே பெரிய வேலை. அதைக் கையில் எடுத்த முன்னோடி, சிங்கப்பூர் எழுத்தாளர் நா.கோவிந்தசாமி.

யார் இவர்?

1946-ல் பிறந்தவர். தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். பிறகு சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1994-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றார்.

என்ன சிக்கல்?

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அப்போ இரண்டு வகை இணைப்பு இருந்தது. ஒன்று 'ஷெல்' கணக்கு. திரையில் வெறும் எழுத்து மட்டும்தான் வரும், கட்டணம் குறைவு. இன்னொன்று டிசிபி/ஐபி கணக்கு. படம், ஃபான்ட், மவுஸ் கிளிக் எல்லாம் உண்டு, கட்டணமும் அதிகம். புதுக்கோட்டை மாதிரி ஊரிலிருந்து இணைய வேண்டுமென்றால் எஸ்டிடி செலவு வேற!

ஆங்கிலம் படிக்கிறவருக்கு முதல் வகையே போதும். தமிழுக்குப் போதாது. ஏன்னா, எழுத்துத் திரைக்கு அடிப்படையான ஆஸ்கி முறையில் இருப்பது 128 இடங்கள்தான். ஆங்கில எழுத்து, எண், குறிகளோடு அது முடிந்துவிடும். அதனால் தமிழர்கள் பெரும்பாலும் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினார்கள். படத்திரை வந்த பிறகுதான், ஃபான்ட் வழியாகத் தமிழைத் தமிழாகவே காட்ட முடிந்தது.

கோவிந்தசாமி செய்தது என்ன?

தமிழில் தட்டச்சு செய்ய 'கணியன்' என்ற மென்பொருளை உருவாக்கினார். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர். அவருடைய ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி, நம்ம பக்கத்து மாவட்டமான சிவகங்கையில்தான் இருக்கு.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையதளம் நான்கு மொழிகளில் தொடங்கப்பட்டது. அதில் தமிழ் இடம்பெற, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயோடு சேர்ந்து உழைத்தார். தமிழ் இணையத்தின் ஆரம்ப மைல்கல் அது.

அதோடு முடிந்ததா?

இல்லை. ஒவ்வொரு தளமும் தனித்தனி ஃபான்ட் வைத்தது. அந்த ஃபான்ட் உங்கள் கணினியில் இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல்தான். எல்லோருக்கும் பொதுவான குறியீடு தேவைப்பட்டது. அதைப் பேச 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த 'தமிழ்நெட் 97' மாநாட்டின் முக்கிய அமைப்பாளர் கோவிந்தசாமி. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. பிறகு தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் குறியீடுகளையும் அறிவித்தது.

1999 மே 26-ல் கோவிந்தசாமி காலமானார். வயது 53. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 2000-ல் யூனிகோட் தமிழ் இருந்தது. தனியாக ஃபான்ட் தேடி ஏற்றாமலே தமிழ் படிக்கும் காலம் அதிலிருந்து தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.