யார் இந்த கிஃப்ட் சிரோமணி? வாசல் கோலத்தை கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோன புள்ளியியல் பேராசிரியர்!

மார்கழி வந்துட்டா போதும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, பொன்னமராவதின்னு எந்த ஊர் வாசலைப் பார்த்தாலும் சிக்குக்கோலம்தான். வரிசையா புள்ளி வைத்து, புள்ளிகளைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வளைந்து, தொடங்கின இடத்துக்கே வந்து சேரும் கோடு. எந்த நோட்டும் பார்க்காமல் நம்ம அம்மாவும் பாட்டியும் இதை எப்படிப் போடுறாங்க? இந்தக் கேள்வியை 1970-களிலேயே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர்தான் கிஃப்ட் சிரோமணி.

யார் இவர்?

1932-ல் பிறந்தவர். தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். ஆனா, வகுப்பறையோடு நிற்கவில்லை. மாமல்லபுரம் சிற்பங்களில் இருக்கும் உடைகள், நகைகளைக்கூட ஆராய்ந்தவர்.

கம்ப்யூட்டருக்கும் கோலத்துக்கும் என்ன சம்பந்தம்?

கம்ப்யூட்டருக்கு நேர்கோடு சுலபம், வளைவுதான் சிக்கல். பிரான்ஸில் ரெனால்ட் கார் கம்பெனியின் இன்ஜினியர் பியர் பெசியே, காரின் வளைவுகளைச் சில புள்ளிகளை வைத்தே கணக்கிடும் முறையை 1960-களில் பிரபலமாக்கினார். இன்று செல்போனில் தெரியும் எழுத்துகளின் வளைவுகளுக்கும் அதே வகைக் கணக்குதான்.

சிரோமணி போனது வேற வழி. கோலத்தை ஒரு மொழி மாதிரி பார்த்தார். மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் இருக்கணும் இல்லையா? மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் அந்த இலக்கணத்தை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். சின்னக் கோலத்தைக் கட்டங்களில் அடுக்கிய குறிகளாக எழுதி, விதிப்படி மாற்றிக்கிட்டே போனா பெரிய கோலம் வரும். இதுதான் அடிப்படை.

பிறகு, கோலம் போடும் கையின் அசைவையும் கவனித்தார். நேரா போ, வலப்பக்கம் வளை, இடப்பக்கம் சுற்று என ஒரு சில அசைவுகளின் வரிசையாகவே சிக்கலான கோலத்தையும் எழுதிவிடலாம் என்று காட்டினார்.

சித்தன்னவாசல் எழுத்தும் இவர் ஆய்வில்

நம்ம சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இருக்கிறதே தமிழ் பிராமி, அந்த எழுத்தின் தோற்றத்தையும் ஆராய்ந்தார். 1978-ல் அச்சுத் தமிழ் எழுத்துகளை கம்ப்யூட்டர் அடையாளம் காணும் முறையைச் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். 1980-ல் திருக்குறளைப் பழங்கால எழுத்து வடிவங்களில் தரும் நூலும் வந்தது.

ஏன் முக்கியம்?

1988-ல், 55 வயதில் சிரோமணி காலமானார். ஆனா, ஆராய்ச்சி நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் செடி கொடிகளை வரையும் கணக்கை உருவாக்கிய வெளிநாட்டு ஆய்வாளர்களும் நம்ம கோலத்தை அதே கணக்கில் வரைந்து பார்த்தார்கள். 2002-ல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் கோலம் பற்றி எழுதிய கட்டுரையிலும் சிரோமணி குழுவின் பணி இடம்பெற்றது.

காலையில் போட்ட கோலம் சாயங்காலத்துக்குள் கால்பட்டு அழிஞ்சிடும். போட்டவங்க பெயரும் எங்கேயும் பதிவாகாது. அதையெல்லாம் வெறும் அலங்காரம்னுதான் பலரும் கடந்து போனாங்க. அந்தக் கைகளுக்குள்ள ஒரு கணிதம் இருக்குன்னு ஆதாரத்தோட எழுதி வெச்சவர் கிஃப்ட் சிரோமணி.