முட்டாளாக நடித்த மூளைக்காரர்!

ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஒரு பியானோ. அதை மேட்டின் மேலிருக்கும் ஒரு வீட்டில் சேர்க்க வேண்டும். தெருவிலிருந்து வீடு வரை 130க்கும் மேற்பட்ட படிகள்! ஒரு குண்டு ஆசாமியும், ஒரு ஒல்லி ஆசாமியும் மூச்சு வாங்கியபடி பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஏறுகின்றனர். பாதி தூரம் போனதும் பெட்டி நழுவி, தடதடவென்று உருண்டு தெருவுக்கே வந்து விடுகிறது. மறுபடி தூக்குகின்றனர், மறுபடி உருள்கிறது. ஒருவழியாக உச்சியை அடையும்போது ஒரு தபால்காரர் வருகிறார். அந்தப் பக்கம் வண்டி வரும் பாதையே இருக்கும்போது, இவ்வளவு படிகளில் தூக்கி வருவானேன் என்று கேட்கிறார்.

நம் ஆசாமிகள் என்ன செய்தனர் தெரியுமா? பியானோவைத் திரும்பவும் படி வழியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தப் பாதை வழியாக மேலே கொண்டு வந்தனர்!

இது, 1932ல் வெளிவந்த, 'தி மியூசிக் பாக்ஸ்' என்ற அரை மணி நேரப் படம். ஆஸ்கர் பரிசு வாங்கியது. இதில் நடித்தவர்கள், லாரல் - ஹார்டி. பள்ளிக்கூடத்தில் ஒல்லியும் குண்டுமாக இரண்டு நண்பர்கள் சேர்ந்து சுற்றினால், 'லாரல் ஹார்டி வர்றாங்க' என்று கேலி செய்வோமே... அந்த லாரல் ஹார்டிதான்!

ஒல்லியாக இருப்பவர் லாரல். படத்தில் அவருக்கு மூளை ரொம்பக் கம்மி. எது சொன்னாலும் லேட்டாகத்தான் புரியும். திட்டினால் முகத்தைக் கோணிக் கொண்டு, உச்சந்தலை முடியைப் பிடித்து இழுத்தபடி, சின்னக் குழந்தை மாதிரி அழுவார். ஆனால் குட்டீஸ், நிஜத்தில் கதையே தலைகீழ். அந்தப் படங்களில் வரும் சிரிப்பில் பெரும்பகுதியை ராத்திரி பகலாக யோசித்து உருவாக்கியவர், அந்த, 'முட்டாள்' லாரல்தான்.

இங்கிலாந்தின் வடக்கே, அல்வர்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே, 1890 ஜூன் 16ல் பிறந்தார் அவர். பெற்றோர் வைத்த பெயர், ஆர்தர் ஸ்டான்லி ஜெபர்சன். சுருக்கமாக, ஸ்டான். அப்பா நாடகம் எழுதுவார், நடிப்பார், நாடகக் கொட்டகைகளையும் நிர்வாகம் செய்வார். அம்மா மேடை நடிகை. இருவரும் ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்ததால், சிறு வயதில் ஸ்டானை வளர்த்தது தாத்தாவும், பாட்டியும்தான். படிப்பில் ஸ்டான் சுமார். ஆனால், வகுப்பைச் சிரிக்க வைப்பதில் முதல் மாணவன்!

குடும்பம், ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்துக்குக் குடிபோனது. தன் கொட்டகையில் மகன் கணக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ, மேடையில் கோமாளியாக ஏற வேண்டும் என்று ஆசை. 1906ல், 16 வயதில், அப்பாவுக்குத் தெரியாமல், 'பனோப்டிகான்' என்ற அரங்கில் வாய்ப்புக் கேட்டு வாங்கி விட்டான் ஸ்டான். போட்டுக் கொள்ள வேடிக்கையான உடுப்பு வேண்டுமே! அப்பாவின் கட்டம் போட்ட கால்சட்டையை வெட்டிச் சின்னதாக்கினான். அவரது நல்ல கோட்டையும், தொப்பியையும் எடுத்துக் கொண்டான்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் போனது. கைதட்டல் கேட்டு நிமிர்ந்து பார்த்தால்... எதிரே நிற்கிறார் அப்பா! தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். வெலவெலத்துப் போன ஸ்டான், தொப்பி ஒரு பக்கம் விழ, கோட்டு ஒரு கொக்கியில் மாட்டி டர்ரென்று கிழிய, ஒரே ஓட்டமாக ஓடினான். அதுவும் நடிப்புதான் என்று நினைத்து, சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிரவு நடுங்கிக் கொண்டே அப்பா முன் போய் நின்றான். ஆனால், அவர் திட்டவில்லை. மகனின் வழியை மாற்ற அதன் பிறகு முயலவும் இல்லை. கோட்டு போனதுதான் மிச்சம்!

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில், பிரெட் கர்னோ என்பவரின் நகைச்சுவை நாடகக் குழு ரொம்பப் பிரபலம். வசனத்தை நம்பாமல், உடம்பாலும் முகத்தாலுமே சிரிக்க வைக்கும் கலையை அங்கேதான் கற்றார் ஸ்டான். அந்தக் குழுவின் நட்சத்திரம் யார் தெரியுமா? சார்லி சாப்ளின்! சாப்ளினால் மேடையேற முடியாமல் போனால், அவர் வேடத்தைப் போட வேண்டியவர் ஸ்டான்.

கடந்த 1910ல், அந்தக் குழு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே சாப்ளினும், ஸ்டானும் ஒரே அறையில் தங்கினர். ஓட்டலில் சாப்பிடக் காசு போதாது. அறையில் சமைக்கவும் விட மாட்டார்கள். ஆகவே, ஸ்டான் ரகசியமாக அடுப்பு மூட்டி வறுப்பார். அந்த, 'சொய்ங்' சத்தம் வெளியே கேட்காமலிருக்க, சாப்ளின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வயலின் வாசிப்பார்! உலகத்தையே சிரிக்க வைத்த இரண்டு பேர், வயிற்றுக்காகப் போட்ட நாடகம் இது.

கடந்த 1913ன் கடைசியில், சாப்ளின் சினிமாவுக்குப் போய் விட்டார். அவர் இல்லாத குழுவுக்கு மவுசு போனது; கலைந்தும் போனது. ஸ்டான் ஊருக்குத் திரும்பாமல், அமெரிக்காவிலேயே சின்னச் சின்ன மேடைகளில் காலம் தள்ளினார். பிழைப்புக்காகச் சாப்ளின் மாதிரியே வேடம் போட்டும் நடித்தார். ஒரு நாள், தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தால், சரியாக, 13 எழுத்து! மேல்நாட்டில், 13 ராசியில்லாத எண். ஜெபர்சனை விட்டுவிட்டு, லாரல் என்று வைத்துக் கொண்டார். லாரல் என்பது ஒரு செடி. அந்தக் கால ரோமில் வெற்றி வீரர்களுக்கு அதன் இலைகளால்தான் கிரீடம் சூட்டுவர்.

கிரீடம் உடனே கிடைத்து விடவில்லை. 1917ல் சினிமாவுக்கு வந்தவருக்கு, அவரது கண்ணே எதிரியானது. லாரலுக்கு வெளிர் நீலக் கண்கள். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் நீல நிறம் வெள்ளையாகத்தான் பதியும். அதனால், திரையில் கருவிழியே இல்லாதவர் போலத் தெரிந்தார்! பிறகு, எல்லா நிறங்களையும் சரியாகப் பதிக்கும் புதுவகைப் பிலிம் வந்துதான் அவரைக் காப்பாற்றியது.

அதற்குள், நடிப்பை விட்டு, கதை எழுதி இயக்குவதே போதும் என்று முடிவு செய்திருந்தார் லாரல். ஹால் ரோச் என்ற தயாரிப்பாளரின் ஸ்டூடியோவில் வேலை. அதே ஸ்டூடியோவில் நடித்துக் கொண்டிருந்தவர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆலிவர் ஹார்டி. 1926ல் ஒரு நாள், ஹார்டி வீட்டில் சமைக்கும்போது கையில் சுட்டுக் கொண்டார். நடிக்க வர முடியவில்லை. அவசரத்துக்கு லாரலையே நடிக்கச் சொன்னார் ரோச். அவர் நடிப்பு பிடித்துப் போக, தொடர்ந்து நடிக்க வேண்டியதாயிற்று. கை ஆறி ஹார்டி வந்ததும், ஒரே படங்களில் இருவரும் தோன்றினர். சேர்ந்து நிற்பதைப் பார்த்தாலே மக்கள் சிரித்தனர். 1927ல், ஜோடி உறுதியானது. ஒரு தீக்காயம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

லாரல், ஒவ்வொன்றையும் நுணுக்கமாகக் கவனிப்பார். கைதி வேடத்துக்காக மொட்டை அடித்தபின், முளைத்த முடி குத்திட்டு நின்றது. அதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கவே, அதையே தன் அடையாளமாக்கிக் கொண்டார். கோணல் நடை வருவதற்காக, பூட்சின் குதிகாலை எடுத்து விட்டார். படத்தை வெளியிடும் முன், ஒரு தியேட்டரில் போட்டுக் காட்டுவர். ஜனங்கள் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சிரிக்கின்றனர் என்று பார்த்து வைத்துக் கொள்வர். அந்தச் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிப் போகாதபடி, ஹார்டி நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும் காட்சியைக் கொஞ்சம் நீட்டி வைப்பார் லாரல். படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி, கோல்ப் விளையாடப் போய் விடுவார். லாரலோ, படத்தை வெட்டி ஒட்டும் அறைக்குள் புகுந்து கொள்வார். லாரலுக்குச் சம்பளமும் அதிகம். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்கிறாரே என்று, அதை ஹார்டி பெரிதுபடுத்தவே இல்லை. இப்படியொரு நண்பர் கிடைப்பது சுலபமா என்ன?

'தி பேட்டில் ஆப் த செஞ்சுரி' என்ற படத்தில், கிரீம் தடவிய பலகாரங்களை ஒருவர் முகத்தில் ஒருவர் அப்பிக் கொள்ளும் சண்டை வரும். அதற்காக, 3,000 பலகாரங்களைத் தீர்த்ததாகச் சொல்வர். வீணாய்ப் போன கிரீமை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்கவில்லை! அந்தச் சண்டையின் பெரும்பகுதி பல ஆண்டுகள் தொலைந்து கிடந்து, 2015ல்தான் திரும்பக் கிடைத்தது.

பேசும் படம் வந்ததும், ஊமைப் பட நடிகர்கள் பலர் காணாமல் போயினர். இவர்களோ, ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் பேசி நடித்தனர். அந்த மொழிகள் தெரியாதே, எப்படி? இந்திப் பாட்டைத் தமிழில் எழுதி வைத்துப் பாடுவோமே, அந்த வித்தைதான். உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் பலகையில் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டு படித்தனர்!

சிரிக்க வைத்தவர் வீட்டில் எப்போதும் சிரிப்பு இருக்கவில்லை. 1930ல் பிறந்த ஆண் குழந்தை, ஒன்பதே நாளில் இறந்தது. அந்தத் துக்கத்தோடுதான் கேமரா முன் வந்து நின்றார் லாரல். 1940களில் வேறு பெரிய கம்பெனிகளுக்கு நடிக்கப் போனபோது, அங்கே அவரது யோசனைகளைக் கேட்க ஆளில்லை. யாரோ எழுதித் தந்ததை நடிக்க வேண்டியிருந்தது. படங்களில் பழைய சிரிப்பு இல்லை. மார்க்கெட் சரிந்தது.

அந்த நேரத்தில்தான், 1947ல், மேடை நிகழ்ச்சிகளுக்காக இங்கிலாந்து வந்தனர் இருவரும். தங்களை மறந்திருப்பார்களோ என்ற பயம். ஆனால், போன இடமெல்லாம் கூட்டம்! அல்வர்ஸ்டனுக்கும் போனார் லாரல். ஊர்க்காரர்கள் அவரது பிறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுக்க, இருவரும் நகர மண்டபத்தின் மாடியில் நின்று கையசைத்தனர்.

கடந்த 1953ல், அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில் அவர்கள் கப்பல் நின்றது. கரையெல்லாம் மனிதத் தலைகள். திடீரென, அங்கிருந்த பெரிய தேவாலயத்தின் மணிகள் ஒலித்தன. காது கொடுத்துக் கேட்டால்... அவர்கள் படங்களின் ஆரம்பத்தில் வரும் அந்தக் குயில் கூவும் மெட்டு! லாரலும், ஹார்டியும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டு அழுது விட்டனர். இந்த அழுகை நடிப்பில்லை.

அடுத்த ஆண்டு, ஹார்டிக்கு மாரடைப்பு வர, பயணம் பாதியில் நின்றது. 1955ல் லாரலுக்குப் பக்கவாதம். அவர் தேறி எழுந்தபோது, 1956ல் ஹார்டிக்குப் பக்கவாதம். பேச்சே போய் விட்டது. 1957 ஆகஸ்ட் 7ல் ஹார்டி இறந்தார். உடல்நிலை இடம் கொடுக்காததால், நண்பரின் இறுதிச் சடங்குக்குக்கூட லாரலால் போக முடியவில்லை.

அதற்குப் பின் லாரல் நடிக்கவே இல்லை. பெரிய பெரிய நட்சத்திரங்களெல்லாம் சேர்ந்து நடித்த படத்துக்குக் கூப்பிட்டபோதும் மறுத்து விட்டார். ஆனால், பேனாவை மட்டும் கீழே வைக்க முடியவில்லை. புதுப் புது நகைச்சுவைக் காட்சிகளை எழுதிக் கொண்டே இருந்தார். எல்லாமே இரண்டு பேர் நடிக்க வேண்டிய காட்சிகள். ஒரு வேடம் அவருக்கு. இன்னொன்று, இல்லாத ஹார்டிக்கு!

கடைசிக் காலத்தில், கலிபோர்னியாவில் கடற்கரை ஓரம் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அவரது போன் நம்பர், எல்லாரையும் போல டெலிபோன் டைரக்டரியிலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்; போய்ப் பார்க்கலாம். வந்த கடிதங்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் போடுவார். டிக் வான் டைக் என்ற நடிகரும் அப்படி டைரக்டரியில் நம்பரைப் பார்த்துப் போன் போட்டு, நண்பரானவர்தான். 1961ல் லாரலுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது தந்தனர். விழாவுக்குப் போகும் தெம்பு அவருக்கு இல்லை.

கடந்த 1965 பிப்ரவரி 23ல், ஊசி போட வந்த நர்சிடம், இந்நேரம் பனிச்சறுக்கு விளையாடப் போயிருக்கலாம் என்றாராம். உங்களுக்குச் சறுக்கத் தெரியுமா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். தெரியாது, ஆனால், இந்த ஊசிக்கு அது எவ்வளவோ தேவலை என்று பதில் சொன்னாராம். சில நிமிடங்களில் அவரது உயிர் பிரிந்தது. வயது, 74.

அல்வர்ஸ்டனில், 1983ல் இருந்து ஒரு லாரல் - ஹார்டி அருங்காட்சியகம் உள்ளது. 1947ல் இருவரும் கையசைத்த அந்த மண்டபத்தின் முன், 2009ல் ஒரு வெண்கலச் சிலை வைத்தனர். அந்த ஊரில் பிறந்தது லாரல் மட்டும்தான். ஆனாலும், அவரைத் தனியாக நிற்க வைக்க ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை போலும். விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி, காலடியில் ஒரு நாய்க்குட்டியுடன், பக்கத்தில் ஹார்டியும் நிற்கிறார்.