கூட்டல் குறி போட்ட மனுஷன்

செமஸ்டர் லீவுல வீட்டு டிவியில மாட்டி விளையாட, பழைய ஆர்கேட் மெஷின்ல இருக்கிற மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கணும், எதை வாங்கலாம்னு என்கிட்ட நாலு பேர் கேட்டாச்சு. அதுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா பதில் தேடிப் போன வழியில ஒருத்தர் கதை கிடைச்சுது. அதைச் சொல்லாம குச்சியைப் பத்தி மட்டும் சொல்ல மனசு வரல.

நம்ம வ.உ.சி. துறைமுகத்துல கப்பல்ல இருந்து கன்டெய்னர் இறக்குற ராட்சத கிரேனைப் பார்த்திருப்பீங்க. மேலே கண்ணாடித் தரை போட்ட கேபின்ல ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக். அவர் கண்ணு கீழே கன்டெய்னர் மேலதான் இருக்கும், கையைப் பார்க்கவே மாட்டார். பார்த்தா வேலை கெட்டுது. கண்ணு ஒரு இடத்துல இருக்க, கை தானா சரியான திசைக்குப் போகணும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, நம்ம ஆளோட வாழ்க்கையே இந்த ஒரு பிரச்சினையிலதான் திரும்புச்சு.

அவர் பேர் குன்பேய் யோகோய். 1941-ல் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பிறந்தார். (ஜப்பான்னாலே நம்ம கடற்கரைக்கு மிகிமோட்டோவும் வளர்ப்பு முத்தும்தான். அந்த முத்து சந்தைக்கு வந்து இயற்கை முத்தோட விலையைச் சரிச்ச கதை தனி. நம்ம கடல்லயும் 1961-க்கு அப்புறம் பெரிய முத்துக்குளிப்பு நடக்கல. அதை இன்னொரு இதழ்ல எழுதுறேன்.) யோகோய் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படிச்சார். பெரிய மார்க் எல்லாம் கிடையாது. பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் எதுவும் எடுத்துக்கல. நம்ம பாஷையில சொன்னா, கோர் கம்பெனி கிடைக்காம உள்ளூர்லயே கிடைச்ச வேலையில சேர்ந்துட்டார். அந்தக் கம்பெனி நின்டென்டோ. வருஷம் 1965. அப்போ அது சீட்டுக்கட்டு அச்சடிக்கிற கம்பெனி. இவருக்கு அந்த மெஷின்களைப் பராமரிக்கிற வேலை.

மெஷின் ஒழுங்கா ஓடினா மெயின்டனன்ஸ்காரனுக்கு என்ன வேலை? பொழுது போகாம, நீட்டினா நீளுற, மடக்கினா மடங்குற ஒரு இடுக்கிக் கையைச் செஞ்சு விளையாடிக்கிட்டு இருந்தார். தலைவர் ஹிரோஷி யாமாவுச்சி கண்ணுல பட்டுட்டார். வேலை போச்சுன்னு நினைச்ச நேரத்துல, அதையே பொம்மையாக்கி விற்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பேரில் வந்து 10 லட்சத்துக்கும் மேல வித்துச்சு. அப்புறம் 1969-ல் லவ் டெஸ்டர்: இரண்டு பேர் கை கோத்துக்கிட்டா உடம்பு வழியா ஓடுற மின்சாரத்தை அளந்து காதல் எவ்வளவுன்னு காட்டும். முதல் வருஷ இயற்பியல் லேப்ல நாம தொட்ட கால்வனாமீட்டர் சமாசாரம்தான். அதை இப்படி யோசிச்ச ஆளை என்ன சொல்ல!

ஒரு நாள் ரயில்ல, பொழுது போகாத ஒருத்தர் கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்தார். கால்குலேட்டர் கம்பெனிகளோட போட்டியில எல்சிடி திரையும் சிப்பும் அடிமாட்டு விலைக்கு வந்திருந்த நேரம். 1980-ல் கேம் அண்ட் வாட்ச் பிறந்துச்சு. எல்லாரும் புதுசா எது வந்திருக்குன்னு ஓட, இவர் பழசாகி விலை விழுந்து, குணம் நல்லாத் தெரிஞ்ச பாகத்தை எடுத்து யாரும் நினைக்காத வேலைக்குப் போடுவார். கடைசி வரைக்கும் அதுதான் அவர் வழி.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். 1981-ல் டாங்கி காங் ஆர்கேடில் சக்கைப்போடு போட்டுச்சு. அதை அடுத்த வருஷம் மடக்கிப் பாக்கெட்ல போடுற சைஸுக்குக் கொண்டு வரணும். ஆர்கேட்ல குச்சி இருக்கு, பாக்கெட்ல குச்சி எப்படி வைக்கிறது? மூடினா இடிக்கும். நாலு தனி பட்டன் வெச்சா எது எங்கே இருக்குன்னு கண்ணு கீழே போகும். அவர் நாலு பட்டனையும் ஒட்டி ஒரே கூட்டல் குறியாக்கி, நடுவில் அடியில ஒரு சின்ன முட்டு கொடுத்தார். ஒரு பக்கம் அமுக்கினா எதிர்ப்பக்கம் தூக்கிக்கும். அதனால இடமும் வலமும் ஒரே நேரத்துல அழுந்தாது. கட்டை விரல் பார்க்காமலே திசை தெரிஞ்சுக்கும். நம்ம அண்ணன்மாருங்க 90-கள்ல கேசட் போட்டு மரியோ விளையாடின செட்டுலயும் அந்தக் கூட்டல் குறிதான்.

1989-ல் கேம் பாய். கலர் கிடையாது, பச்சை நிறத் திரை. ஆனா 4 பென்சில் பேட்டரியில மணிக்கணக்கா ஓடும். போட்டிக்கு வந்த கலர் மெஷினான கேம் கியர் 6 பேட்டரியைச் சில மணி நேரத்துல குடிச்சுடும். ஜெயிச்சது யாருன்னு சொல்ல வேண்டாம்.

1995-ல் விர்ச்சுவல் பாய். சிவப்புத் திரை, கண்வலி, படுதோல்வி. அடுத்த வருஷம் நின்டென்டோவை விட்டு வெளியே வந்து கோட்டோன்னு சொந்தமா ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிச்சார். 30 வருஷத்துக்கு மேல உழைச்ச இடம். 1997 அக்டோபர் 4, நெடுஞ்சாலையில ஒரு சின்ன விபத்து. என்ன ஆச்சுன்னு பார்க்கக் காரை விட்டு இறங்கினவரை இன்னொரு கார் அடிச்சுது. வயசு 56. அவர் உருவாக்கத்தில் பங்கெடுத்த வொண்டர்ஸ்வான் 1999-ல் வெளிவந்துச்சு. அது ஒரே ஒரு பென்சில் பேட்டரியில ஓடும்.

சரி, குச்சி. கிரேன் ஜாய்ஸ்டிக்ல எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம். ஆர்கேட் குச்சி அப்படி இல்ல, அடியில 4 மைக்ரோ ஸ்விட்ச், அவ்வளவுதான். பேக்மேன், டாங்கி காங் ஆடணும்னா 4 திசைக்கு மாத்தக்கூடிய தடுப்புத் தகடு இருக்கான்னு பாருங்க. சண்டை கேமுக்கு 8 திசை வேணும், சதுரத் தகட்டில் மூலை கரெக்டா விழும். பாகங்களைக் கழட்டி மாத்த முடியுற பெட்டியா எடுங்க, சான்வா லீவர் பின்னால போட்டுக்கலாம். முக்கியமா, உப்பளக் காத்துல ஆணியே துருப்பிடிக்கிற ஊர் இது. விளையாடி முடிச்சதும் மூடி வைங்க, பக்கத்துல சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போடுங்க.

நான் வாங்கல. அண்ணனோட பழைய கன்ட்ரோலரைப் பரண்ல இருந்து எடுத்துப் பிரிச்சேன். உள்ளே ரப்பர், கார்பன், ஒரு பச்சை போர்டு. ஸ்பிரிட்ல துடைச்சு மாட்டினேன். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் அழுத்தி அமுக்கணும், மத்தபடி ஓடுது.