பி. பி. பால்

பெஞ்சமின் பியாரி பால் (மே 26, 1906 – செப்டம்பர் 14, 1989) ஓர் இந்திய வேளாண் அறிவியலாளர். கோதுமை இனமேம்பாட்டிலும், ரோஜா, காகிதப்பூ முதலிய அலங்காரத் தாவரங்களைச் சேகரித்துப் புதிய வகைகளை உருவாக்குவதிலும் புகழ்பெற்றவர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் தலைமை இயக்குநரும் இவரே ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

பஞ்சாபிலுள்ள முகந்த்பூரில் பிறந்தார். தந்தை மருத்துவராகப் பணியாற்றிய பர்மாவில் வளர்ந்தார். இரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றபின், கேம்பிரிட்ஜில் கோதுமையின் கலப்பின வீரியத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1933 இல் பீகாரின் பூசா நகரிலிருந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1934 நிலநடுக்கத்தில் அதன் கட்டடங்கள் சிதைந்தமையால் நிறுவனம் தில்லிக்கு மாற்றப்பட்டது. 1950 முதல் 1965 வரை அதன் இயக்குநராக விளங்கினார். எம். எஸ். சுவாமிநாதன் இவருடைய பதவிக்காலத்தில், 1954 இல், அங்குப் பணியில் சேர்ந்தார்.

கோதுமை ஆய்வு

கருந்துரு, பழுப்புத்துரு, மஞ்சள்துரு ஆகிய மூன்று நோய்களும் இந்தியாவில் கோதுமை விளைச்சலைப் பெரிதும் அழித்து வந்தன. ஒரு நோயைத் தாங்கும் வகை மற்றொன்றுக்கு இரையாவது வழக்கம். பல்லாண்டு கலப்பினச் சோதனைகளின் பின் இவர் குழுவினர் உருவாக்கிய என். பி. 809, 1954 இல் வெளியிடப்பட்டது. இது மூன்று துருநோய்களையும் எதிர்க்கும் திறன் கொண்டது.

அலங்காரத் தாவரங்கள்

ரோஜா மீதான ஆர்வம் இவருக்குப் பர்மாவில் பள்ளி நாட்களிலேயே தோன்றியது. ஐரோப்பாவிலிருந்து வந்த ரோஜாக்கள் குளிர்நாட்டுக்கென உருவாக்கப்பட்டவை. இந்தியச் சமவெளியின் வெயிலில் அவற்றின் மொட்டுகள் விரைந்து விரிந்து நிறம் மங்கின. எனவே இங்குள்ள தட்பவெப்பத்திலேயே நாற்றுகளை வளர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமென இவர் கருதினார்.

மலரும் முன் மொட்டின் மகரந்தத்தாள்களை நீக்கி, வேறு வகையின் மகரந்தத்தை இட்டு, கிடைக்கும் விதைகளை முளைக்கவைப்பது இதன் முறையாகும். ஒரே காயின் விதைகளும் வெவ்வேறு மலர்களைத் தருவதால் பெரும்பாலான நாற்றுகள் கழிக்கப்படும். தேர்ந்த செடி மொட்டு ஒட்டுக்கட்டுதல் மூலம் பெருக்கப்படும். 'டெல்லி பிரின்சஸ்', 'ரோஸ் ஷெர்பெட்', 'பஞ்சாரன்', வெண்ணிற 'டாக்டர் ஹோமி பாபா' ஆகியன இவர் உருவாக்கிய வகைகளுள் சில.

இந்திய ரோஜாச் சங்கத்தின் நிறுவனத் தலைவராகவும் இருந்தார். ரோஜா, காகிதப்பூ, பூக்கும் கொடிகள், குறுஞ்செடிகள் பற்றி நூல்கள் எழுதினார்.

பிற்காலம்

1965 முதல் 1972 வரை வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். திருமணம் செய்துகொள்ளாத இவர், தம் சொத்துகளைத் தாம் பணியாற்றிய நிறுவனத்துக்கே வழங்கினார்.

விருதுகள்

* பத்மசிறீ (1959)
* பத்மபூசண் (1968)
* இலண்டன் அரச கழக உறுப்பினர் (1972)
* பத்மவிபூசண் (1987)