நாகஸ்வரச் சக்கரவர்த்தியும் பழைய உத்தரமும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நாகஸ்வரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். லேத், டிரில், மரத்தின் ஈரப்பதம், துளையின் அளவு என்று நாம் ஒர்க்‌ஷாப்பில் தலையைப் பிய்த்துக்கொள்கிற அத்தனை சமாச்சாரமும் அந்தக் குழலுக்குள்ளே இருக்கிறது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவர் கையில் இருந்த குழலின் பக்கமிருந்து அந்த வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. (நாதஸ்வரம் என்று நாம் சொல்வதை வித்வான்கள் நாகஸ்வரம் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

1898 ஆகஸ்ட் 27-ல் நாகப்பட்டினம் பக்கத்துத் திருமருகலில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாகஸ்வர வித்வான். அவர்தான் மருமகனைத் தத்து எடுத்து வளர்த்தார். இனிஷியலில் இருக்கிற 'டி.என்.' அந்தத் திருமருகல் நடேசன்தான். பையன் முதலில் படித்தது வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடமும் பாடம் ஆயிற்று. குழல் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. பிற்காலத்தில் அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் குழல் பாடுகிறது என்று மெய்மறந்ததற்கு இதுதான் அஸ்திவாரம்.

வளர்ந்து, மாமனைப் போலவே ஆதீன வித்வான் ஆனார். ஆனால் அந்தக் காலத்தில் நாகஸ்வரக்காரருக்கு இருந்த மரியாதை என்ன? கோயிலில் நின்றுகொண்டு வாசிக்கணும், வீதியில் நடந்துகொண்டே வாசிக்கணும், மேல்துண்டை இடுப்பில் கட்டணும். பாட்டு வித்வான்களுக்கு மேடை. இசை வேளாளர் குலத்தில் பிறந்து குழல் பிடித்தவருக்குத் தரை. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார் (இதில் மட்டும் நின்றார்!). குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார். ஒத்தை விட்டுவிட்டுத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக் கச்சேரி செய்தார். ஊரே வாயைப் பிளந்தது. திமிர் என்றவர்களும் உண்டு. திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டுமே! அந்தத் திமிரில்தான் ஒரு ஜாதி வித்வான்கள் முழுவதும் மேடை ஏறினார்கள்.

மேடை ஏறியதும் ஒரு டெக்னிகல் பிரச்சினை வந்து உட்கார்ந்தது. அப்போது புழக்கத்தில் இருந்தது திமிரி நாகஸ்வரம். குட்டையான குழல், நாலு நாலரைக் கட்டைச் சுருதி. நாலு வீதிக்கும் கேட்க அது சரி. உட்கார்ந்து மணிக்கணக்கில் ராக ஆலாபனை செய்யவும், வாய்ப்பாட்டு மாதிரிக் குழைந்து வரவும் அது தோதுப்படாது. இன்னொன்று, பழைய குழலில் சுத்த மத்தியமம் துளையில் நேராகப் பேசாது. விரலையும் மூச்சையும் வைத்து வித்வான்தான் அதை வரவழைக்கணும். ராஜரத்தினம் பிள்ளை என்றாலே தோடி. தோடியில் வருகிற மத்தியமமோ சுத்த மத்தியமம்! எந்த ராகத்தில் அவர் உயிரை வைத்தாரோ அந்த ராகத்தின் ஸ்வரம் குழலில் ஒழுங்காக இல்லை என்றால் மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. கும்பகோணம் - மயிலாடுதுறை ரயிலில் போனவர்களுக்கு ஸ்டேஷன் பெயராவது தெரிந்திருக்கும். அங்கே நாகஸ்வரம் செய்கிற ரங்கநாதன் ஆச்சாரி இந்தக் குறையைக் கையில் எடுத்தார். குழலை நீட்டினார், நீளம் கூடினால் சுருதி இறங்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நீட்டினால் விரல் எட்டாது. உள்துளையோ நேர்க் குழாய் அல்ல, மேலே குறுகிக் கீழே போகப் போக விரியும் கூம்பு. மேலே விரல் வைக்க ஏழு துளை, அதற்குக் கீழே பிரம்மசுரம் ஒன்று, பக்கவாட்டில் நாலு, ஆகப் பன்னிரண்டு. ஒன்றை அரை நூல் நகர்த்தினால் மற்றது கெடும். கால்குலேட்டர் கிடையாது, டிராயிங் ஷீட் கிடையாது. செய்வது, ஊதிப் பார்ப்பது, தூக்கி எறிவது, மறுபடி செய்வது! அப்படிப் பிறந்ததுதான் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசுகிற பாரி நாகஸ்வரம். இரண்டு, இரண்டரைக் கட்டை. ராஜரத்தினம் பிள்ளை அதை எடுத்து ஊதினார். தமிழ்நாட்டு நாகஸ்வரமே மாறிப்போயிற்று. இன்றைக்குக் கல்யாணத்தில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் பாரிதான்.

கவனியுங்கள். பரம்பரைக் குழல், பாட்டன் ஊதிய குழல் என்று அவர் பழசைக் கட்டிக்கொண்டு அழவில்லை. புதுசு கேட்டார், புதுசு வாங்கினார். ஆனால் அந்தப் புதுசு எந்த மரத்தில் ஆனது? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

நாகஸ்வரத்தின் உடம்புக்கு உலவு என்று பெயர். அதற்கு ஆச்சா மரம். (கீழே இருக்கிற புனல் மாதிரியான அணசு வாகை மரத்தில் ஆகும்.) ஆச்சா நம் நாட்டு மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று, தண்ணியில் போட்டால் மூழ்கும். பச்சையாக வெட்டிய ஆச்சாவில் துளை போட்டால் கொஞ்ச நாளில் வெடிக்கும், இல்லையேல் முறுக்கிக்கொள்ளும். அதனால் நரசிங்கம்பேட்டைக்காரர்கள் பழைய வீடு இடிக்கிற இடமாகப் பார்த்துப் போவார்கள். உத்தரமாகவும் தூணாகவும் எழுபது, எண்பது வருஷம், சிலது நூறு வருஷம் நின்ற ஆச்சாதான் அவர்களுக்கு வேண்டும். எண்பது ஐப்பசி மழையையும் எண்பது கத்திரி வெயிலையும் ஓட்டுக்கூரைக்குக் கீழே நின்று பார்த்த மரம் அது. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, இனிமேல் ஆட ஒன்றும் இல்லை என்கிற அளவுக்கு ஆடி முடித்திருக்கும். வீடு தாங்கிய உத்தரம் தோடியைத் தாங்க வருகிறது!

இதற்கு அவ்வளவு வருஷம் எதற்கு, சூளையில் வைத்துக் காய வைத்தால் ஆகாதா என்று டிப்ளமோ மூளை கேட்கும். பாதி ஆகும். பச்சை மரத்தின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். காற்றில் காய வைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு. சூளையில் சில வாரங்களில் 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அவசரப்பட்டால் மேல்தோல் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். சரி, பொறுமையாகவே காய வைத்தாலும் அது ஈரத்தைத்தான் எடுக்கும். மரத்தின் நாருக்குள் இருக்கிற ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் பல பத்து வருஷங்களில் மெதுவாகச் சிதைகிறது. அதனால்தான் பழைய மரம் மழைக்காலத்தில் ஈரத்தை அவ்வளவாகக் குடிப்பதில்லை. இதையும் குறுக்கு வழியில் கொண்டுவர ஒரு முறை உண்டு. ஆக்சிஜன் இல்லாத அடுப்பில் 180 முதல் 220 டிகிரி வரை சூடாக்கினால் ஏறக்குறைய அதே மாறுதல் சில மணி நேரத்தில் நடக்கும். யமஹா கம்பெனி கிதார் பலகைகளுக்கு ஏ.ஆர்.இ. என்ற பெயரில் இந்த மாதிரி ஒன்றைச் செய்கிறது. மரம் கொஞ்சம் நொறுங்கும் தன்மை பெறும் என்பது இதற்குக் கொடுக்கிற விலை.

இது வரைக்கும் நியாயமான வேலை. ஆனால் வேறொரு வேலையும் உலகத்தில் நடக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி, புது எலக்ட்ரிக் கிதாரைச் சுரண்டி, பெயிண்டை உதிர்த்து, ஆணிக்குத் துரு ஏற்றி, முப்பது வருஷம் மேடையில் அடிபட்டது போலச் செய்து விற்க ஆரம்பித்தது. பெயர் 'ரெலிக்'. சாதாரணப் புதுக் கிதாரைவிட விலை அதிகம்! காசு கொடுத்துக் காயம் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், மரத்தைச் சூடு பண்ணுவதும் பெயிண்டைச் சுரண்டுவதும் ஒரே ஜாதி அல்ல. முதலாவது மரத்தின் குணத்தை மாற்றப் பார்க்கிறது. இரண்டாவது பார்ப்பவன் மனசை மாற்றப் பார்க்கிறது.

மனசு எப்படி ஏமாறும் என்பதற்கு ஒரு சோதனை. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டி, புது வயலின் மூன்று, பழைய இத்தாலிய வயலின் மூன்று கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பழையதில் ஸ்ட்ராடிவாரி செய்தது இரண்டு. நிறையப் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். எல்லாவற்றிலும் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி! ஊதுகுழல் விஷயத்தில் இன்னும் மோசம். 1960-களில் ஜான் பேக்கஸ் என்ற இயற்பியலாளர் கிளாரினெட்டை ஆராய்ந்து, குழலின் சுவர் அதிர்வதால் ஒலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, உள்ளே இருக்கிற காற்றுத் தூணின் வடிவம்தான் முக்கியம் என்று முடிவு கட்டினார்.

அப்படியானால் பழைய ஆச்சா வெறும் நம்பிக்கையா? இல்லை. வடிவம்தான் முக்கியம் என்றால் அந்த வடிவம் மாறாமல் நிற்க வேண்டுமே! வித்வானின் மூச்சு ஈரம் தினமும் உள்ளே போகிறது, பிறகு காய்கிறது. மார்கழிப் பனியில் வாசித்த குழலைச் சித்திரை வெயிலில் வாசிக்கணும். கூம்பு கோணினால் ரங்கநாதன் ஆச்சாரி அரை நூல் அரை நூலாகப் பிடித்த சுத்த மத்தியமம் காற்றோடு போய்விடும். எண்பது வருஷ உத்தரம் கோணாது. மரத்தின் வயசு செய்கிற பேருபகாரம் அதுதான். குழலின் வயசு வேறு கதை. ஊதி ஊதி விரல் பட்டுத் துளையின் விளிம்பு தேய்ந்தால் சுருதி நகரும். கீழ்த் துளைகளில் மெழுகு வைத்துச் சரி பண்ணுவார்கள். தேய்மானம் எல்லாமே அழகு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை தேய்ந்த குழலை ஊதிப் பார்க்கட்டும்.

நம் நாயகருக்கு வருவோம். 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக நடித்தார். தோடி கிராமபோன் இசைத்தட்டாக வந்து வீடு வீடாகப் போயிற்று. 1947 ஆகஸ்ட் 14 இரவு டெல்லியில் நேருவின் கையில் ஆதீனத்தின் செங்கோல் கொடுக்கப்பட்டபோது உடன் போய் நாகஸ்வரம் வாசித்தவர் இவர்தான். தரையில் நின்று வாசி என்று சொல்லப்பட்ட குலத்தின் குழல் அந்த ராத்திரியில் அங்கே ஒலித்தது. இதைவிட என்ன வேண்டும்?

அவரைப் பார்த்து ஒரு பட்டாளமே கிராப் வைத்தது, மோதிரம் போட்டது, தோடியை வாசித்தது. நம் பாஷையில் சொன்னால் ரெலிக் மாடல்! விதிவிலக்கு காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). சிஷ்யராக இருந்து, குருவின் வழியைக் காதில் வாங்கித் தன் மூச்சில் ஊற வைத்தவர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அந்த நாகஸ்வரம் அவருடையது.

வந்த பணத்தை ராஜரத்தினம் பிள்ளை சேர்த்து வைக்கவில்லை. ராஜா மாதிரிச் செலவு, குடி, கோபம், ஐந்து கல்யாணம். நல்லவர் என்று பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. அவருக்கே அது பிடித்திருக்காது. 1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். வயசு 58. அவர் குழலுக்கு உத்தரமாக நின்ற மரத்தின் வயசுகூட இல்லை.

2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு மரம் கொண்டுவராது. நம் பக்கத்து ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் ஆகிக்கொண்டிருக்கின்றன. இடிக்கும்போது ஆச்சா கிடைக்கும். கட்டும்போது யாரும் ஆச்சா வைப்பதில்லை. கடைசி ஓட்டு வீடும் இடிந்த பிறகு எண்பது வருஷ உத்தரத்துக்கு எங்கே போவது? ஆச்சாவை ஆக்சிஜன் இல்லாத அடுப்பில் வைத்தால் என்ன ஆகும், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், அந்தக் கூம்பு எத்தனை மழைக்காலம் நேராக நிற்கும்? நம்மிடம் அடுப்பு இருக்கிறது, ஈரப்பதம் அளக்கிற கருவி இருக்கிறது, ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு என்ன எடுப்பது என்று வருஷா வருஷம் முழிக்கிற நாமும் இருக்கிறோம். நரசிங்கம்பேட்டைக்குக் கும்பகோணத்திலிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.